மிலாறு வளையம்

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைப்பதற்கு முன்பே பேசத் தொடங்கினால், தோட்டத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு இஸ்தோப்பு வாசலில் கால் வைக்கும்போதே சொன்னாள்.

"எட்டாம் நம்பர் மலையில தேயிலைய வெட்டிப்புட்டானுங்க."

"யாரும்மா?"

"தெரிஞ்சா ஒங்கிட்ட ஏன் சொல்லிக்கிட்டு நிக்கிறேன்? ரோட்டோரமா இருவது முப்பது செடி. தளிர் பூராத்தையும் கொண்டுக்கிட்டுப் போயிட்டானுங்க. கண்டக்டர் ஐயா நின்ன எடத்துல குதிக்கிறாரு."

கண்டக்டர் ஐயாதான் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர். எட்டாம் நம்பர் மலை போன வருடம் கவ்வாத்து வெட்டிய மலை. முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிட்டால் தேயிலை மறுபடி துளிர்த்து, நேர்நேராக நீண்ட தளிர்களை விடும். அந்தத் தளிர்களில் யாரும் இன்னும் கை வைத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு செடியைச் சிதைத்தால் அடுத்த பல வருடக் கொழுந்தைச் சிதைத்த மாதிரி. லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆடு அந்த மலைப் பக்கம் தலையைத் திருப்பினாலே எங்கள் ஆட்கள் கல்லெடுத்து விரட்டுவார்கள்.

கூடையை இறக்கிவிட்டு அம்மா என்னைப் பார்க்காமல் மீதியைச் சொன்னாள்.

"முந்தாநேத்து அந்த மலையில புல்லு வெட்டுனது எங்க கூட்டம்தான். காவக்காரரு வந்து குனிஞ்சு பாத்தாரு. இது கவ்வாத்துக் கத்தி வெட்டு இல்ல, கத்திரி வெட்டுன்னுட்டாரு. லயத்துல யாருகிட்ட கத்திரி இருக்குன்னு கேட்டாரு."

"யாரு என்னா சொன்னாங்க?"

"ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. எல்லாம் என்னயப் பாத்தாளுங்க."

என் பை ஆணியில் தொங்கியது. அதற்குள் கத்திரி இருந்தது.

அந்தக் கத்திரியைக் கொடுத்தது நுவரெலியாவில் நான் வேலை பார்த்த பூக்கடையின் அக்கா. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். கொழுந்து எடுக்கப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவின் கடையில் கணக்கும் பற்றுச்சீட்டும் எழுதத்தான் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் பூவும் கட்டத் தொடங்கினேன். கை நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அக்கா தன் கத்திரியை என்னிடம் தந்தாள். பேருந்தில் அதைப் பையில் வைத்துக்கொண்டு வரும்போது பெருமையும் பயமும் சேர்ந்தே இருக்கும். போர்நிறுத்தம் வந்து சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றுவது நின்றிருந்தது. ஆனாலும் சாவடி இருந்த அந்த வளைவு வந்ததும் என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடும். கத்திரியைப் பார்த்தால் என்ன சொல்வது என்று சிங்களத்தில் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒருவரும் கேட்டதில்லை.

டவுன் பூக்கடைக்காரர்கள் வாராவாரம் ஒன்றுகூடத் தொடங்கியதற்குக் காரணம் இரண்டு கை நிறையச் சேறு. பூ செருகுவதற்கென்று வரும் பச்சை ஸ்பொஞ்சு ஒன்று இருக்கிறது. செங்கல் அளவில் இருக்கும். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காம்பைக் குத்தினால் அசையாமல் நிற்கும். ஆனால் ஒரு தடவைக்குத்தான். பிறகு பொடியாக உதிர்ந்துவிடும், மக்கவும் மக்காது. எல்லாக் கடைகளும் அதைப் பின்னாலுள்ள சாக்கடைக் கானில்தான் தட்டிவிட்டன. ஒரு மழைக்குப் பிறகு, கீழே லீக்ஸ் பயிரிடும் ஒருவர் பச்சைச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து அக்காவின் மேசையில், ரோஜாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது ஒங்க சாமான்தானே தங்கச்சி. என் பாத்தியில கெடந்துச்சு. திருப்பிக் குடுத்துட்டுப் போவம்னு வந்தேன்."

அக்கா அவரோடு சண்டை போடவில்லை. மறுநாளே மற்றக் கடைகளுக்குப் போய்ப் பேசினாள். செவ்வாய்க்கிழமை பிற்பகல் பூக்கடைகளில் ஈ ஓட்டும் நேரம். அந்த நேரத்தில் அக்காவின் கடைப் பின்னறையில் ஆறு கடைக்காரர்களும் நானும் கூடினோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரு வேலையைக் காட்ட வேண்டும். ஸ்பொஞ்சு இல்லாமல், வாங்கிய சாமானை வீசாமல் செய்கிற வேலையாக இருக்க வேண்டும். எல்லோரும் நானா என்று கூப்பிடும், கல்யாணக் கார் சோடிக்கும் முஸ்லிம் அண்ணன், பிளாஸ்டிக் நாடாவுக்குப் பதிலாகக் கிழிந்த சேலைக் கரையைச் சுற்றிக் காட்டினார். அக்கா, கோழிக்கூட்டுக் கம்பி வலையை உருண்டையாக்கி ஜாடிக்குள் வைத்துக் காம்புகளை நிறுத்தினாள். ஆஸ்பத்திரி ரோட்டில் மலர்வளையம் கட்டும் சிங்கள முதலாளி, வாழை மட்டையை வட்டமாகத் தைத்துக் கொண்டுவந்தார். நல்ல வேலைதான். ஆனால் எங்கள் குளிரில் வாழை எங்கே? பதுளைப் பக்கமிருந்து வர வேண்டும்.

"முதலாளி, உங்க வளையம் வந்து சேர்றதுக்குள்ள செத்தவர அடக்கம் பண்ணிருவாங்க" என்றார் நானா.

"அதுக்குத்தான் நான் செத்த ஆள ரெண்டு நாள் வச்சிருக்கிற வீட்டு ஆக்கள் கிட்ட மட்டும் ஓடர் எடுக்கிறது" என்றார் முதலாளி. தமிழும் சிங்களமும் கலந்துதான் பேசுவார். என்னைத் தங்கை என்கிற அர்த்தத்தில் நங்கி என்பார்.

அடுத்த செவ்வாய் என் முறை. கடைக்குச் சொந்தக்காரர்கள் நடுவில், சம்பளத்துக்கு நிற்கும் என்னையும் அக்கா சேர்த்திருந்தாள். வாரம் முழுக்க யோசித்தேன். கடைசியில் எங்கள் அடுப்பங்கரையில்தான் அது கிடைத்தது.

கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் கொப்புகளைத்தான் நாங்கள் மிலாறு என்போம். கண்டக்டரிடம் கேட்டுவிட்டுப் பெண்கள் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வருவார்கள். அதுதான் எங்கள் விறகு. காய்ந்தால் முறிந்துவிடும். வெட்டி இரண்டு நாளைக்குள் எடுத்தால் மெல்லிய கொப்புகள் வளையும். அப்போது கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது பதினோராம் நம்பர் மலையில். அம்மா கொண்டுவந்த கட்டிலிருந்து பச்சையான கொப்புகளை உருவி, மூன்றை ஒன்றாக முறுக்கி வட்டமாக்கி, மானாப் புல்லால் கட்டினேன். வளையத்தின் இடுக்குகளில் பூக்காம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. கம்பி வேண்டாம், ஸ்பொஞ்சு வேண்டாம். புதைகுழி மேல் வைத்தால் பூவோடு சேர்ந்து மண்ணாகிவிடும். ஏழு வளையம் செய்து அடுப்பங்கரையின் ஈரச் சுவரில் மாட்டினேன். எட்டாவதைக் கடைக்குக் கொண்டுபோனேன்.

அன்றைக்கு நன்றாகப் பேசினேன். எந்தப் பருமன், எத்தனை முழ நீளம், கணு குறைந்த கொப்பை எப்படித் தெரிந்தெடுப்பது என்றெல்லாம் பாடம் நடத்துகிற மாதிரி தமிழில் சொல்லிவிட்டுச் சிங்களத்திலும் சொன்னேன். முதலாளி வளையத்தை வாங்கி இழுத்துப் பார்த்தார், தரையில் போட்டுப் பார்த்தார்.

"அனே, நல்லாயிருக்கு நங்கி. என்ன மரம் இது?"

"தேயிலைக் கொப்பு முதலாளி. பச்சையா இருக்கணும்."

"எங்க எடுக்கிறது?"

"தோட்டத்துல நிறைய இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த முடிச்சைக் காட்டத் தொடங்கினேன்.

அது விறகு என்று நான் சொல்லவில்லை. கவ்வாத்து வெட்டிப் போட்ட குப்பை, எங்கள் அடுப்பில் எரிகிறது, அம்மா தலையில் சுமந்து வருகிறாள் என்று சொல்லவில்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் என் சீருடையில் மிலாறுப் புகை மணக்கிறது என்று வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். அந்த அறையில் நான் படித்த பெண்ணாக நின்றேன். விறகைக் கொண்டுவந்தவளாக நிற்க எனக்கு விருப்பமில்லை. உயிரோடு நிற்கிற தேயிலையில் ஒருவர் கை வைப்பார் என்பதோ என் மனத்தில் வரவே இல்லை. கோயில் சிலையில் உளி வைக்காதீர்கள் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லையே.

இரண்டு வாரம் கழித்துத்தான் எட்டாம் நம்பர் மலையில் இது நடந்தது.

"நீ வெட்டுனியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"என் தலையில கை வச்சுச் சொல்லு."

வைத்தேன். மழைக்காக அவள் தலையோடு போர்த்தியிருந்த படங்குச் சாக்கின் ஈரம் என் கையில் பட்டது. அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அடுப்பங்கரைக்குப் போய் ஏழு வளையத்தையும் கழற்றினாள். ஒவ்வொன்றாக அடுப்பில் திணித்தாள்.

"இது பதினோராம் நம்பர் மலை மிலாறும்மா. நீங்கதானே கொண்டாந்தீங்க."

"எனக்குத் தெரியுது. அவுங்களுக்கு மொகத்துலயா எழுதியிருக்கு, இது எந்த மலைன்னு?"

பனியிலும் ஈரச் சுவரிலும் கிடந்த வளையங்கள் இன்னும் சரியாகக் காயவில்லை. எங்கள் லயத்துக் காம்பரா அறையெல்லாம் வெள்ளைப் புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் காவக்காரர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார்.

"என்னா அக்கா, பச்ச மிலாறா எரியுது?"

"காஞ்சது தீந்துருச்சு" என்றாள் அம்மா.

"ம்." வாசலில் நின்றபடியே சொன்னார். "நாளைக்கு மத்தியானம் ஆபீசுக்கு வரச் சொன்னாரு தொர. ரெண்டு பேரும். பாப்பா, அந்தக் கத்திரியயும் எடுத்துக்கிட்டு வா."

அவர் போய்விட்டார். தொரை என்றால் தோட்டத்து மேனேஜர், சும்மா கூப்பிட மாட்டார். ஒரு பாவமும் செய்யாமல், செய்தவர்கள் செய்கிற எல்லாவற்றையும் நாங்கள் செய்துவிட்டோம். அப்பா இறந்த பிறகு அந்தக் காம்பரா அம்மாவின் பேரில்தான் இருந்தது. வேலையாட்களின் பேர்ப் பதிவான செக்ரோலில் அவள் பேர் இருக்கும்வரைதான் கூரை. பேரை நிறுத்திவிட்டால் வேலை போகும், பிறகு காம்பராவும் போகும். போவதற்கு எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. என் ஏ.எல். சான்றிதழை அம்மா தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். அது இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

காலையில் முதல் பேருந்தில் போனேன். எட்டாம் நம்பர் மலையடியில் இறங்கினேன். அங்கே ஆள் யாருமில்லை. உடப்புசல்லாவைப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட செடிகளுக்கு முன்னால் குந்தினேன்.

காவக்காரர் சொன்னது சரி. கத்தி வெட்டு வழுவழுப்பாக இருக்கும். இது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதைவிட வேறொன்று என்னைக் கலங்க வைத்தது. வெட்டியவர் கண்டபடி வெட்டவில்லை. விரல் பருமனுக்கு மேல் உள்ளதை விட்டிருந்தார். கோணலானதை விட்டிருந்தார். கணு நெருங்கியதை விட்டிருந்தார். நேரானதை, நீளமானதை, வளைகிறதை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தார். நான் சொன்னபடியே. என் பாடத்தை யாரோ இவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தார்கள். எங்கே எடுப்பது என்று கேட்டவர் ஒருவர்தான். பேருந்துச் சத்தம் கேட்டதும் திருடியைப் போல எழுந்து போய் அதில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி ரோட்டில் முதலாளியின் கடை திறந்திருந்தது. வாசலிலேயே தெரிந்துவிட்டது. சுவரில் பத்துப் பன்னிரண்டு வளையம் தொங்கியது. சிலவற்றில் தளிர் இன்னும் வாடவில்லை. ஒன்றில் வெள்ளை லில்லிகளைச் செருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"நங்கி, வாங்க, வாங்க. இது பார்க்க. உங்கட விட நல்லா வந்திருக்கு, என்ன? ஸ்பொஞ்சு ஒரு துண்டு இல்ல."

உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.

"முதலாளி, இத எங்க எடுத்தீங்க?"

"ரோட்டு ஓரத்துல. காலைல வேன்ல வரக்குள்ள. நீங்கதானே சொன்னது, தோட்டத்துல நிறைய இருக்குண்டு."

"அது உயிரோட நிக்கிற தேயிலை முதலாளி. புதுசா துளிர்த்தது."

"தேயிலைண்டா கொழுந்துதானே எடுக்கிறது. நான் கொழுந்து தொடல்ல. கொப்பு மட்டும்தான். வேலி வெட்டுற மாதிரி." என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் குரல் மாறியது. "ஏன்? என்ன நடந்தது?"

சொன்னேன். அம்மாவின் கூட்டத்தை, கத்திரியை, ஆபீசை. அவர் கையிலிருந்த லில்லியை மெல்லக் கீழே வைத்தார். எழுந்துபோய்ச் சுவரிலிருந்த வளையங்களைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளத் தொடங்கினார். நேற்று எங்கள் காம்பராவில் அம்மா செய்ததையே அவரும் செய்தார்.

"பொலிஸுக்குச் சொல்லுவாங்களா?"

"தெரியாது முதலாளி. நீங்க என்கூட வந்து தொரகிட்ட சொன்னா..."

"அனே, எனக்கு ஏலாது நங்கி. இன்னைக்கு ரெண்டு மரண வீடு. எனக்கு மக ரெண்டு பேர் இருக்கு. பேப்பர்ல வந்தா?" அவர் குரல் தாழ்ந்தது. "என்ட பேர் சொல்ல வேணாம். நான் கும்பிடுறது மாதிரி கேக்கிறது."

அவர் வயதில் ஒருவர் என்னிடம் கைகூப்பியதை நான் பார்த்ததில்லை. வாக்கு எதுவும் கொடுக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அக்காவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஹைட்ரேஞ்சியாக் கொத்துகளைக் காய வைப்பதற்குத் தலைகீழாகக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"படிச்ச கழுத, எப்படி வெட்டணும்னு சொன்னதானே, எங்க வெட்டக் கூடாதுன்னும் சொல்லியிருக்கணும்?"

"தெரியும்னு நெனச்சேன் அக்கா."

"ஒனக்குத் தெரியும். எனக்கே தெரியாது. நான் பொறந்தது டவுன்ல. தேயிலைய நான் கோப்பையிலதான் பாத்திருக்கேன்." பிறகு கைவேலையை நிறுத்தினாள். "நீ சொன்னா அந்த மனுசன் கெட்டாரு. சொல்லாட்டி ஒங்கம்மா கெட்டாங்க. இதுல நான் எதச் சொல்ல? போ. பஸ்ஸ விட்டுறாத."

பேருந்தில் ஆங்கிலத்தில் வாக்கியங்கள் தயார் செய்தேன். பெரிய தொரையிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். படித்த பிள்ளை சொல்கிறாள் என்று அவர் கேட்பார். நான் கற்றுக்கொடுத்தேன், தவறு என்னுடையது, என் அம்மாவுக்கு இதில் பங்கில்லை. அழகான வாக்கியங்கள். ஆபீஸ் வாசற்படியில் ஏறும்போது அவற்றில் ஒன்றுகூட இல்லை. 

அம்மா முன்பே வந்து வெளி வராந்தாவில் நின்றிருந்தாள். வேலைத்தலத்திலிருந்து நேராக வந்தவள், தலைத்துணியை எடுத்துக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். நான் வந்ததும் அரை அடி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் தொரை. பக்கத்தில் கண்டக்டர் ஐயா. கதவருகே காவக்காரர். மேசையில் வெட்டுப்பட்ட ஒரு தேயிலைக் கட்டை இருந்தது. தொரை கையை நீட்டினார். கத்திரியைக் கொடுத்தேன். கட்டைக்குப் பக்கத்தில் வைத்து வாயையும் வெட்டையும் பார்த்தார்.

"இந்தக் கத்திரிதானா?" தோட்டத் தமிழில்தான் கேட்டார்.

"இந்த மாதிரிக் கத்திரி. இது இல்ல தொர."

"நேத்துப் பின்னேரம் இவுங்க வீட்டுல பச்ச மிலாறு எரிஞ்சுச்சு தொர" என்றார் காவக்காரர். பகையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பூக்கடை, செவ்வாய்க்கிழமை, வளையம். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. ஆறு பேருக்குக் கற்றுக்கொடுத்தேன், அதில் ஒருவர் தெரியாமல் வெட்டிவிட்டார் என்றேன்.

"யாரு?"

 பொலிஸ் ஜீப் அந்தச் சிறிய கடைக்கு முன்னால் நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பெட்டை சொல்லித்தான் பிடித்தார்கள் என்று கடைவீதியில் பேசுவதைக் காதால் கேட்டேன். அதற்கப்புறம் அந்த வீதியில் நான் எப்படி நடப்பேன்? கூப்பிய கைகள் வேறு கண்முன்னே நின்றன.

"பேர் சொல்ல ஏலாட்டி, இந்தப் பொம்பளைட பேர நாளைக்கு பெரட்டுல கூப்பிட மாட்டாங்க" என்றார் தொரை. சத்தம் போடவில்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. கண்டக்டர் ஐயா பேனாவைத் திறந்தார்.

அம்மா சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவள் தோள் என் தோளில் உரசிக்கொண்டிருந்தது, அது நடுங்குவது எனக்குத் தெரிந்தது. கவ்வாத்து மலையிலும் அட்டைக் காட்டிலும் முப்பது வருடம் ஏறி இறங்கியவள் நடுங்கி நான் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரி ரோட்டு மலர்வளையக் கடை" என்றேன்.

தொரை எழுதிக்கொண்டார். கத்திரியைத் திருப்பித் தரவில்லை. "நாளைக்கு பெரட்டுல பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அது ஆம் என்றா இல்லை என்றா தெரியாமல் படியிறங்கினோம். வழியில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஆளு நல்ல மனுசனா?"

"ஆமாம்மா."

அவள் சுருட்டி வைத்திருந்த தலைத்துணியை மறுபடி கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை நானும் அவளோடு பெரட்டுக்களத்துக்குப் போனேன். அங்கே எனக்கு வேலை இல்லை, நிற்க உரிமையும் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரோரமாக நின்றேன். பனியில் ஆட்கள் முகம் தெரியாமல் துணிகளின் நிறம் மட்டும் தெரிந்தது. கண்டக்டர் ஐயா செக்ரோலைப் பிரித்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு எந்த மலை என்று சொன்னார். கூப்பிடப்பட்டவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அம்மாவின் கூட்டம் வந்தது. அம்மாவுக்கு முந்திய பேர் எனக்கு மனப்பாடம். சின்ன வயதில் முதுகில் தூங்கிக்கொண்டே கேட்ட வரிசை. அந்தப் பேர் வந்தது. அடுத்து, அம்மாவுக்குப் பிந்திய பேர் வந்தது.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். சுற்றிலும் இருந்தவர்கள் போய்விட, அவளும் கூடையும் மட்டும் மிச்சம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தொரையின் ஜீப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி வந்தார். மெல்லிய சட்டை, ஸ்வெட்டர்கூட இல்லை. குளிரில் கைகளைக் கக்கத்தில் வைத்திருந்தார். தொரை முந்தின நாள் மாலையே ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. பொலிஸுக்குப் போகவில்லை. ஆனால் தோட்டத்து ஆட்களைச் சந்தேகப்பட்டாகிவிட்டது, அதனால் அவர்கள் முன்னால் வந்து சொல்ல வேண்டும், அதுவரை அம்மாவின் பேரைக் கூப்பிட வேண்டாம் என்றிருக்கிறார்.

"தேயிலை வெட்டினது நான்" என்றார் முதலாளி. மலையேறத் தொடங்கியவர்கள் திரும்பினார்கள். "வேலிண்டு நினைச்சது. இங்க இருக்கிற ஆக்கள் யாரும் இல்ல. இந்த அம்மா இல்ல. இந்த மகளும் இல்ல. சமா வென்ன."

கடைசி இரண்டு சொல்லில் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். பின்னாலிருந்து ஒரு கிழவரின் குரல் மட்டும் வந்தது. "வேலியாம்ல. எங்க தாத்தன் காலத்துலருந்து நாங்களும் வேலிக்குத்தான் சேவகம் பண்ணியிருக்கோம்."

சிலர் சிரித்தார்கள். தொரையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் ஐயா செக்ரோலின் ஓரத்தில் எதையோ அடித்து எழுதினார். பிறகு அம்மாவின் பேரைக் கூப்பிட்டார். வழக்கமான குரலில், மற்ற எல்லாப் பேரையும் போல. "ஆறாம் நம்பர்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். நான் காட்டிக்கொடுத்தவள். திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. களைத்துப்போயிருந்தார்.

"நங்கி, ஒண்டு மட்டும் கேக்கிறது. அண்டைக்கு நான் கேட்டதுதானே, எங்க எடுக்கிறது எண்டு. ஏன் சரியா சொல்லல்ல? சொன்னா நான் வெட்டுவேனா?"

தெரியும் என்று நினைத்தேன் என்று அவரிடமும் சொல்லித் தப்பியிருக்கலாம். அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் இந்தக் குளிரில் வந்து நின்று இத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்ன மனிதனிடம் அந்தப் பாதிப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை.

"அது எங்க வீட்டு வெறகு முதலாளி" என்றேன். "கவ்வாத்துல வெட்டிப் போட்டது. அம்மா தலையில சொமந்துக்கிட்டு வர்றது. அதச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அம்மா போகவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி எனக்குப் பின்னால், இரண்டு அடி தூரத்தில் நின்றிருந்தாள்.

அவளுக்கு அது கேட்டதா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்டதில்லை. ஆபீசில் இருந்ததைவிட, பேர் விடுபட்ட அந்த நொடியைவிட, அப்போதுதான் நான் அதிகமாகப் பயந்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலாளியைப் பார்த்தாள்.

"குளுருது பாருங்க ஒங்களுக்கு. மடுவத்துல சூடா பிளேண்டி ஊத்துவாங்க, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு நேரமாச்சு" என்றாள்.

ஆறாம் நம்பர் மலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஏறினாள். அவளுடைய கூட்டம் ஏற்கெனவே மேலே போயிருந்தது. அவர்களைப் பிடிப்பதற்காக வேகமாக நடந்தாள். பனி மறைக்கும்வரை, அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க மாட்டாளா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.